பிளேட்டா ஸ்க்ரூவா

ஜூன் 4

அன்புள்ள கேமராக்காரிக்கு,

உறுதியான தகவலை முதலில் எழுதிவிடுகிறேன். நீ அனுப்பிய எக்ஸ்ரே போட்டோவில் இருப்பது இடது கால். சொன்னவர் இங்குள்ள எலும்பு டாக்டர். நேற்று மாலை அவருடைய அறையில் என்னிடம் நேரில் சொன்னார்.

உன் கடிதத்திலோ வலது கால் என்று இருக்கிறது. வலது கால் பெருவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது, இனி அசையாதபடி அதை ஒட்டவைக்க வேண்டும் என்று உங்கள் டாக்டரம்மா சொன்னதாக எழுதியிருக்கிறாய். எந்தக் கால்? டாக்டரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். "சார், நான் இத்தனை வருஷமா காலைத்தான் பாத்துட்டிருக்கேன். கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார். மூன்றாவது முறை கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நீ எந்தக் காலைத் தாங்கித் தாங்கி நடப்பாய்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் நினைவில் வருவதெல்லாம் உன் முதுகும் தோளில் தொங்கும் கேமராப் பையும்தான். எங்கே செய்தி என்றாலும் நீ எனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பாய்.

எந்தக் கால் என்று தெளிவாகாமல் கருத்துச் சொல்ல மாட்டேன் என்றவர், பொதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டதும் வெளியே நோயாளிகள் இருமும்வரை சொன்னார். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பாதம் இருந்தது. அதில் பெருவிரல் மட்டும் கழன்று எங்கோ தொலைந்திருந்தது. மனிதர் சட்டென்று செருப்பைக் கழற்றித் தன் காலை நாற்காலிமேல் வைத்து, பேனாவால் அதிலேயே வரைந்து காட்டினார்.

நான் புரிந்துகொண்டது இது. மூட்டில் மிச்சமிருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு எலும்பையும் நெருக்கி வைப்பார்கள். நாளடைவில் இரண்டும் ஒரே எலும்பாகும். அதுவரை அசையாமல் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். சிலர் இரண்டு ஸ்க்ரூவைக் குறுக்கும் மறுக்குமாகப் போடுகிறார்கள். சிலர் மேல்பக்கம் ஒரு சின்ன பிளேட் வைத்து முடுக்குகிறார்கள், அதோடு மூட்டின் குறுக்கே ஒரு ஸ்க்ரூவும் சேர்ப்பது உண்டு. ஸ்டேப்பிள் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். வெறும் கம்பி செருகும் பழைய முறையும் இன்னும் ஒழிந்துவிடவில்லை.

சோதனைச் சாலையில் வளைத்துப் பார்த்தால் பிளேட்டும் ஸ்க்ரூவும் சேர்ந்ததுதான் அதிகம் தாங்குகிறதாம். மறுபக்கம், பாதத்தின் மேல்தோல் மெலிசு. பிளேட் உறுத்தினால் பின்னால் இன்னொரு முறை கத்தி வைத்து எடுக்க நேரலாம். ஸ்க்ரூ உள்ளே புதைந்திருக்கும், உறுத்தல் குறைவு. மறுபக்கம், எலும்பு பலவீனமாக இருந்தால் ஸ்க்ரூவுக்குப் பிடி கிடைக்காது.

எந்தக் கால் என்று உடனே எழுது.

உன்,
நிருபர்

*

ஜூன் 11

அன்புள்ள நிருபருக்கு,

வலது கால். சொன்னவர், காலின் சொந்தக்காரி.

தப்பு என்னுடையது. எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெளிச்சத்தில் போட்டோ எடுத்தேன். இருட்டறையில் நெகட்டிவை எந்தப் பக்கம் பார்த்து வைப்பேனோ அதே பழக்கத்தில் கை திருப்பி ஒட்டியிருக்கிறது. ஓரத்தில் இருந்த ஆஸ்பத்திரி முத்திரையும் மறைந்துபோகும்படி டேப் வேறு. உங்கள் டாக்டரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். சரியான பக்கம் எடுத்த போட்டோ இத்துடன் இருக்கிறது. டாக்டரம்மாவிடம் சொன்னேன், சிரித்து முடிக்க அவருக்கு நேரமாயிற்று. ஆபரேஷன் அன்று என்னையே என் காலில் பேனாவால் குறி போடச் சொல்லப்போவதாகச் சொன்னார்.

இந்த ஒரு விஷயம் போனில் முடிந்திருக்கும் என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் போனில் பேசினால் நமக்கு இரண்டாவது நிமிடத்தில் சண்டை வருகிறது. எழுத்தே இருக்கட்டும். எழுத்தில் கோபம் வந்தால் அடித்துவிட்டு வேறு வார்த்தை போடலாம்.

இந்த விரல் ஏன் இப்படி ஆயிற்று என்று டாக்டரம்மா கேட்டபோது எழுந்து நின்று செய்து காட்டினேன். வலது முட்டியைத் தரையில் ஊன்றி, பின்னால் வலது கால் விரல்களை மடக்கி, அதன்மேல் உடம்பு முழுவதையும் வைத்து, கேமராவை உயர்த்துவேன். மேடைக்கு முன்னால், ஊர்வலத்துக்கு முன்னால், மைதானத்து ஓரத்தில். எத்தனை வருடமாக என்று உங்களுக்குத் தெரியும். இப்போது அந்த விரல் சரியாக மடங்குவதில்லை. மடக்கினால் கண்ணில் தண்ணீர் வருகிறது. ஒட்டவைத்துவிட்டால் வலி போகும், ஆனால் இனி எப்போதும் மடங்காது. இது முதல் குழப்பம்.

இரண்டாவது குழப்பத்துக்குத்தான் உங்களைக் கேட்டேன். டாக்டரம்மா இரண்டு விதமாகவும் செய்வார். பிளேட் வைத்தால் ஒரு தனிச் செருப்புப் போட்டுக் குதிகாலால் சீக்கிரம் நடமாடலாம் என்கிறார். வெறும் ஸ்க்ரூ என்றால் கொஞ்ச நாள் காலே ஊன்றக்கூடாது. நான் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

கீழ்வீட்டு நீச்சல் மாஸ்டருக்கு இரண்டு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். குளத்து மேடையிலிருந்து குதித்துக் காட்டுகிறார். "அக்கா, கண்ணை மூடிட்டு ஸ்க்ரூ போடுங்க" என்கிறார். சொந்தத் தம்பிபோலச் சாமான் எல்லாம் மேலே கொண்டுவந்து கொடுக்கிறார்.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? தேடினேன், கிடைக்கவில்லை.

அன்புடன்,
கேமராக்காரி

*

ஜூன் 18

அன்புள்ள கேமராக்காரிக்கு,

புதிய போட்டோவை டாக்டர் நேற்று பார்த்தார். வலது கால் என்பதை அவரே உறுதி செய்தார். மன்னிப்பை ஏற்றுக்கொண்டார்.

ஆனால் ஒரு சிக்கல். இரண்டு வாரத்துக்கு முன் "எலும்பு நல்லாத்தான் இருக்கு" என்று முணுமுணுத்த அதே மனிதர், இந்த முறை நெற்றியைச் சுருக்கி, எலும்பு சற்று மெலிந்தாற்போலத் தெரிகிறது என்றார். அதே ஃபிலிம், திருப்பி எடுத்ததுதானே என்று கேட்டேன். போன முறை எந்தக் கால் என்ற சண்டையில் சரியாகப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஜன்னல் வெளிச்சத்து போட்டோவை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, எலும்பு அடர்த்தி சோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள் என்றார். செய்துகொள்.

நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து மருத்துவ இதழ்களைப் பார்த்தேன். நூலகர் எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று நினைத்து மின்விசிறிக்குக் கீழே இடம் கொடுத்தார். ஒரு கட்டுரை பிளேட் மேல் என்கிறது. அடுத்தது இரண்டும் ஒன்றுதான் என்கிறது. மூன்றாவது, முதல் இரண்டிலும் ஆட்கள் போதாது என்கிறது. மொத்தத்தில் பெரும்பாலானவர்களுக்கு எந்த முறையிலும் எலும்பு ஒட்டிவிடுகிறது. சிலருக்கு எந்த முறையிலும் ஒட்டுவதில்லை. எதைப் போட்டார்கள் என்பதைவிட, எலும்பு எப்படி, விரலை எந்தக் கோணத்தில் வைத்தார்கள் என்பதெல்லாம் அதிகம் பேசுகிறது போலிருக்கிறது. "போலிருக்கிறது" என்று நான் எழுதி நீ பார்த்திருக்க மாட்டாய். அவ்வளவு குழம்பியிருக்கிறேன்.

நீச்சல் மாஸ்டர் பற்றிய தகவல் முழுமையாக இல்லை. அவருக்கு ஆபரேஷன் நடந்தபோது வயது என்ன, எலும்பு எப்படி இருந்தது? இப்போது வயது என்ன? தினமும் மேலே வருகிறாரா? ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கேட்கிறேன்.

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. உன் கால், உன் வேலை. முடிவு உன்னுடையது.

உன்,
நிருபர்

*

ஜூன் 25

நிருபருக்கு,

நீச்சல் மாஸ்டருக்கு வயது எழுபத்து மூன்று. அக்கா என்று கூப்பிடுவது கிண்டலுக்கு. அவர் மனைவி எனக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க இது போதுமா?

"இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது." இந்த வாக்கியத்தை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று பாத்திரம் கழுவும்போது யோசித்தேன். உங்களுக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று, அலுவலக மாடிப்படியில் நின்று, "போறீங்களா, இல்லையா?" என்று கேட்டேன். நீங்கள் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "போனா நல்ல வாய்ப்பு. போகலைன்னா உன்கூட இருக்கலாம். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு." அப்போது எனக்கு வந்த கோபத்தில் "அப்ப போங்க" என்றேன். நீங்களும் போய்விட்டீர்கள். சொன்னபடி செய்கிற ஆள்.

பணி ஓய்வு பெற்றதும் திரும்புவீர்கள் என்று இருந்தேன். வாரப் பக்கம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதினீர்கள். சரி என்று எழுதினேன். நாம் பிரிந்திருக்கிறோமா, சும்மா தூரத்தில் இருக்கிறோமா என்று என் தங்கை கேட்கும்போதெல்லாம் எனக்கே பதில் தெரிவதில்லை. வேலை அங்கே என்று சொல்லிவைக்கிறேன்.

பிளேட்டா ஸ்க்ரூவா என்று நான் ஏன் இவ்வளவு அலைகிறேன் என்று உங்களுக்கு உண்மையாகவே புரியவில்லையா? பிளேட் போட்டால் நானே எழுந்து நானே தண்ணீர் எடுத்துக் குடிப்பேன். யாரையும் வா என்று கேட்க வேண்டாம். ஸ்க்ரூ போட்டால் கேட்க வேண்டும். எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை.

எலும்பு அடர்த்தி சோதனை செய்துகொண்டேன். முடிவு அடுத்த வாரம் வரும். ஆபரேஷன் தேதி ஆகஸ்ட் 18 என்று குறித்திருக்கிறார்கள்.

கேமராக்காரி

*

ஜூலை 2

அன்புள்ள கேமராக்காரிக்கு,

நீ கேட்டது இரும்பைப் பற்றி என்று நினைத்தேன். இரும்புகூட இல்லை, டைட்டேனியம். அதைப் பற்றியும் இரண்டு பத்தி எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே டாக்டரிடம் போனேன். என்னைப் பார்த்ததும் வரவேற்பில் இருக்கும் பெண் "சார், உங்களுக்குத்தான் கால் வலியா, இல்ல வேற யாருக்காவதா?" என்று கேட்டாள். மனைவிக்கு என்றேன். மனைவியைக் கூட்டிவர வேண்டியதுதானே என்றாள். அதற்கு நான் சொன்ன பதில் எனக்கே சரியாகக் காதில் விழவில்லை.

பிளேட் போட்டால் தனியாகச் சமாளிக்கலாமா என்ற ஒரே கேள்விதான் கேட்டேன். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பிளேட் எலும்பைப் புடிச்சுக்கும் சார். மாடிப்படியைப் புடிச்சுக்காது." குதிகாலால் நடக்கலாம் என்பது படுக்கையிலிருந்து குளியலறைவரை போவதற்குத்தான், அதுவும் எலும்பு நன்றாக இருந்தால் என்றார். உங்கள் டாக்டரம்மா வேறு மாதிரி சொல்லக்கூடும். ஒவ்வொருவரும் தங்கள் அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள், இதில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே விதி என்று எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

நேரடியாக ஒரு கேள்வி கேட்கிறேன். ஆபரேஷனுக்கு நான் வர வேண்டுமா? வர வேண்டும், வேண்டாம், இரண்டில் ஒன்றை எழுது. அதன்படி செய்கிறேன்.

உன்,
நிருபர்

*

ஜூலை 14

நிருபருக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில்: தெரியவில்லை.

மற்ற விஷயங்கள். சோதனை முடிவு வந்துவிட்டது. எலும்பு மெலிந்துதான் இருக்கிறது. உங்கள் டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துச் சொன்னது சரி. வெறும் ஸ்க்ரூவுக்குப் பிடி போதாது, பிளேட்டும் குறுக்கே ஒரு ஸ்க்ரூவும் வைப்போம் என்று டாக்டரம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம், பிளேட்தானே என்று. அடுத்த வாக்கியத்தில், பிளேட் வைத்தாலும் இந்த எலும்புக்குக் கொஞ்ச நாள் பாரம் கொடுக்கக்கூடாது, வீட்டில் ஓர் ஆள் கட்டாயம் வேண்டும் என்றார். பிளேட் கிடைத்தது, பிளேட்டினால் கிடைக்கும் என்று நினைத்தது கிடைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை, பூட்டிக் கிடந்த ஆலையைத் திறந்தார்கள். இரண்டு வருடமாக வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளே போகிற படம் வேண்டும். கதவுக்கு நேர் எதிரே முட்டி போட்டு, கம்பிக்கு அடியில் அவர்கள் கால்கள் வரும் இடத்தில் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தேன். கதவு திறந்தது. கூட்டம் நேராக என்மேல் வந்தது. நான் எழுந்து பின்னால் நகர வேண்டும். விரல் மடங்கிய இடத்திலேயே மாட்டிக்கொண்டது, எழ முடியவில்லை. காவலாளி ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி ஓரமாக நிறுத்தினார். அதற்குள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். கேமராவில் இருந்தது காவலாளியின் பெல்ட்.

அலுவலகத்தில் படங்களைப் பார்க்கும் பெண் "பரவால்லக்கா, நியூஸ் ஏஜென்சி அனுப்பின படம் இருக்கு" என்றாள். நல்ல பெண். நான் அவள் வயதில் இருந்தபோது என்னிடம் யாராவது பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம் என்று இருக்கிறேன். மாத்திரை போட்டுக்கொண்டு நின்றபடியே படம் எடுக்கலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் எடுக்கிறார்கள். பதினெட்டாம் தேதி வேண்டுமா வேண்டாமா என்று இந்த மாதக் கடைசிக்குள் டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும்.

"அதன்படி செய்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். நான் சொல்லி நீங்கள் வந்தால், வந்தது நீங்களா, என் கடிதமா?

கேமராக்காரி

*

ஜூலை 18

அன்புள்ள கேமராக்காரிக்கு,

ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்துக்கொள். ஆகஸ்ட் 16 காலை ரயிலில் வந்து இறங்குகிறேன்.

இதற்கு மறுபக்கம் உண்டு. எழுதப்போவதில்லை.

யார் சொன்னது என்று கேட்பாய். டாக்டரைப் போய்ப் பார்க்கவில்லை, நூலகத்துக்கும் போகவில்லை. யாரும் சொல்லவில்லை. இது நான் நினைப்பது. இப்படி எழுதிப் பழக்கமில்லாததால் வாக்கியங்கள் மொட்டையாக இருக்கின்றன, பொறுத்துக்கொள்.

வாரப் பக்கத்தை ஒரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டேன். "எப்ப சார் வருவீங்க?" என்றாள். தெரியவில்லை என்றேன். அவள் அதையும் குறித்துக்கொண்டாள்.

நீ வேண்டாம் என்று எழுதினாலும் வருவேன். நீச்சல் மாஸ்டர் வீட்டில் இடம் கேட்டுக்கொள்கிறேன்.

உன்,
நிருபர்

*

ஜூலை 24

அன்புள்ள நிருபருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். பிறகு மாஸ்டர் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "இது உங்க வீட்டுக்காரர் எழுதினதுதானா?" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கையெழுத்து உங்களுடையதுதான்.

டாக்டரம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "எந்தச் செருப்பு அதிகம் போடுவீங்க?" விரலை எந்தக் கோணத்தில் ஒட்டவைக்கிறாரோ, அதே கோணத்தில்தான் கடைசிவரை இருக்குமாம். குதிகால் உயர்ந்த செருப்பு போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு, தட்டைச் செருப்புக்கு ஒரு கணக்கு. என் தட்டை ஷூவை எடுத்துப்போய்க் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பி, வலது ஷூவின் நுனி மடிந்து விரிசல் விட்டிருந்ததைத் தடவிப் பார்த்தார். முட்டி போட முடியுமா என்று கேட்டேன். "இந்த விரலை மடக்கி முடியாது. காலை மாத்திப் போடுங்க. இடது முட்டி கீழே, வலது பாதம் முன்னாடி தட்டையா. பழகிடும்" என்றார். வீட்டில் செய்து பார்த்தேன். இடது கைப் பழக்கமில்லாதவன் இடது கையால் பல் தேய்ப்பது மாதிரி இருக்கிறது.

வருவதானால் சில விஷயங்கள். சின்ன அறையில் படப் பெட்டிகள் இருக்கின்றன, நகர்த்தினால் வரிசை மாறாமல் நகர்த்துங்கள். என்னைப் பேட்டி எடுக்கக் கூடாது. வலி பத்துக்கு எத்தனை என்று நர்ஸ் கேட்பார், நீங்களும் கேட்க வேண்டாம். ஆறு வாரம் கழித்து எலும்பு ஒட்டியதா என்று எக்ஸ்ரே எடுப்பார்கள். ஆகவே ஆறு வாரம். அதற்குமேல் உங்களை இங்கே கட்டிப்போட எனக்கு விருப்பமில்லை.

ஆறு வாரம் என்று எழுதியது அதிகமா குறைவா என்று எனக்கே தெரியவில்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன், அதே ஆறுதான் வந்தது.

அன்புடன்,
கேமராக்காரி

*

அக்டோபர் 2

அன்புள்ள கேமராக்காரிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அறையில் குழாய் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டு ஓனர் கவனிக்கவில்லை.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு சொல்லாதவற்றை இங்கே வந்து எழுதுகிறேன். விசித்திரம்தான், ஆனால் எழுத்தில்தான் எனக்கு வாய் வருகிறது. ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா வெளியே வந்து, ஒரு தட்டையான எஃகுத் தட்டை உன் பாதத்துக்கு அடியில் வைத்து அழுத்திப் பார்த்ததாகவும், தரையில் நிற்கும்போது விரல் எப்படி இருக்குமோ அப்படி வைத்திருப்பதாகவும் சொன்னார். தலையை ஆட்டினேன். அதன்பிறகு அவர் சொன்னது எதுவும் நினைவில் இல்லை. குறிப்பேடு கையில் இருந்தது, எதுவும் எழுதவில்லை. இத்தனை வருடத்தில் இது முதல் தடவை.

முதல் வாரம் நீ என்னிடம் கேட்டது இரண்டே விஷயம்தான். ஜன்னலைத் திறக்க, மூட. மூன்றாவது வாரத்தில் தூக்கக் கலக்கத்தில் "தண்ணி" என்றாய். கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "நான் கேக்கலையே" என்றாய். கேட்டாய். நான் சாட்சி.

போன வாரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இடது முட்டியை மெத்தையில் ஊன்றி, கையில் கேமரா இல்லாமலே கேமரா பிடிப்பதுபோல் உட்கார்ந்து பார்த்தாயே, அப்போது நான் கதவருகே நின்றிருந்தேன். நீ பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். சாய்ந்துவிடுவாய் என்று பயந்தேன். சாயவில்லை.

டாக்டரம்மா விடுப்பில் போய்விட்டதால் எக்ஸ்ரே ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. நீ சொன்ன ஆறு வாரம் முடிந்துவிட்டது. அதனால் கிளம்பினேன். கிளம்பும்போது "ட்ரெயின்ல நல்லா தூங்குங்க" என்றாய். அது போய் வாருங்கள் என்பதா, போங்கள் என்பதா என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யோசித்துக்கொண்டு வந்தேன். தூங்கவில்லை.

மாடிப்படியில் மாஸ்டர் வழிமறித்து "அதுக்குள்ளயா?" என்றார். ஆறு வாரம் என்று பேச்சு என்றேன். "யாரு பேச்சு?" என்றார். உன் பேச்சு என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார்.

இன்னும் சில நாள் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். இதையும் யாரும் சொல்லவில்லை. எக்ஸ்ரே என்ன சொல்கிறது என்று எழுது.

உன்,
நிருபர்

*

அக்டோபர் 10

அன்புள்ள நிருபருக்கு,

கடைசியாகக் கிடைத்த தகவல் இது. நேற்று காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். பிளேட் வைத்த இடத்திலேயே இருக்கிறது, ஸ்க்ரூ எதுவும் தளரவில்லை. இவ்வளவும் டாக்டரம்மா ஃபிலிமை விளக்குப் பலகையில் வைத்து, நான் பக்கத்தில் நின்று பார்க்கும்போது சொன்னது. ஃபிலிமை அவரே வைத்தார், என்னைத் தொட விடவில்லை.

எலும்பு ஒட்டியதா என்ற கேள்விக்கு அவர் சொன்னது: "ஒட்டிடுச்சுன்னும் சொல்ல முடியாது, ஒட்டலைன்னும் சொல்ல முடியாது." எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் கோடு மறைந்திருக்கிறது. இன்னொரு பக்கம் மெல்லிய கறுப்புக் கோடு இன்னும் தெரிகிறது. மெலிந்த எலும்புக்கு இப்படித் தாமதம் ஆவது உண்டாம், கெட்ட செய்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நல்ல செய்தி என்றும் இப்போதைக்குச் சொல்ல மாட்டேன் என்றார். வலி இல்லை. அது நிஜம். வலி இல்லாத கால் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது, காலையில் எழுந்ததும் ஏதோ ஒன்றைத் தொலைத்தது மாதிரி இருக்கிறது.

நீங்கள் கதவருகே நின்றது எனக்குத் தெரியும். கண்ணாடியில் தெரிந்தது. அதனால்தான் சாயவில்லை.

நீங்கள் போன அன்று மாஸ்டர் மனைவி மேலே வந்து, "போகச் சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இருக்கச் சொன்னீங்களா?" என்றார். அதுவும் இல்லை என்றேன். "அப்ப அவரு என்னதான் பண்ணுவாரு பாவம்" என்று உங்களுக்காகப் பரிந்து பேசிவிட்டு, நான் வளர்க்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல் கோபம். யோசித்துப் பார்த்தால் எதற்கு என்று புரியவில்லை.

ஆறு வாரம் என்று எழுதினேன், உண்மைதான். எலும்பு ஒட்ட ஆறு வாரம் என்று நினைத்து எழுதியது. எலும்புக்கு என் கடிதம் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. ஆகவே அந்தக் கணக்கு ரத்து. புதிய கணக்கு நான் போடவில்லை. எனக்குப் போடத் தெரியவில்லை, போட்டால் அதையும் பிடித்துக்கொண்டு அந்த நாளில் பெட்டியைக் கட்டிவிடுவீர்கள்.

வாருங்கள். இதை மூன்று முறை அடித்து நான்காவது முறையாக எழுதுகிறேன். என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை.

எலும்பு ஒட்டியதா என்பது இன்னும் உறுதியாகவில்லை. அடுத்த எக்ஸ்ரே நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை. முடிவு அன்று மாலை தெரியும். உடன் வருபவர் யார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், வீட்டுக்காரர் என்று சொல்லியிருக்கிறேன். அவர் எந்த ரயிலில் வருகிறார் என்ற தகவல் இதுவரை கிடைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைத் தபாலில் எதிர்பார்க்கப்படுகிறது.

உங்கள்,
கேமராக்காரி